ஒற்றைப்படை எண்கள் எங்கே போயின

குறையுள்ள பொருளைத் தேடி ஊர் முழுக்கக் கேட்கிறோம். எல்லோரும் "எங்களிடம் இல்லை" என்கிறார்கள். அந்த "இல்லை" என்ற பதிலை எந்த இடத்தில் நம்பத் தொடங்கலாம்? பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. லேபிள் அச்சிடும் கணினி நிரல்களை எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நிரல் எழுதும் முறையைப் பற்றி நான் பேச வேண்டியதில்லை. அதை என்னைவிட விரைவாகக் கற்றுக்கொள்கிறீர்கள். கப்பலூரில் ஒரு சிறு தொழிற்சாலையில் அந்தக் கேள்வி எப்படி என் முன் வந்து நின்றது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அது எரிவாயு அடுப்புக்கான ரப்பர் குழாய், அதாவது ஹோஸ், செய்யும் தொழிற்சாலை. உரிமையாளர் முத்துக்கருப்பன். அவருடைய பெற்றோர் பிறர் வயலில் நடவும் அறுப்புமாக வாழ்ந்தவர்கள். அவர் தொழிற்பேட்டையில் கூலிக்குச் சேர்ந்து, இயந்திரம் ஓட்டி, பிறகு சொந்தமாக ஒரு கொட்டகை போட்டவர். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அவர் ஊரையும் பக்கத்து ஊர்களையும் சேர்ந்த பெண்கள். தரக் கட்டுப்பாட்டுக்கும் கணினி வேலைக்கும் ஆலோசகராக நான் அங்கே போய்வந்தேன். நிரல்களை எழுதியவன் தினேஷ் என்ற இளைஞன், திறமையானவன், கவனமானவன். இதை முதலிலேயே சொல்லக் காரணம், நடந்தது கவனக்குறைவால் நடந்ததல்ல.

ஒவ்வொரு ஹோஸிலும் ஒரு நீண்ட எண் அச்சான லேபிளை ஒட்டுவார்கள். தொழிற்சாலையில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. முதல் இயந்திரத்தில் வருவதற்கெல்லாம் ஒற்றைப்படை எண், இரண்டாவதில் வருவதற்கு இரட்டைப்படை எண். இந்த ஏற்பாடு முத்துக்கருப்பனுடையது. கணினி வருவதற்கு முன்பே, கையால் முத்திரை குத்திய காலத்திலேயே, அவர் அப்படித்தான் செய்துவந்தார். யாராவது ஒரு ஹோஸை நீட்டினால் கடைசி இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணாம் மிசினு பெத்த பிள்ள" என்பார்.

ஒரு தீபாவளிக்குப் பிறகு, ஹோஸ்களை வாங்கும் அடுப்பு நிறுவனம் எண்ணில் இன்னொரு இலக்கம் சேர்க்கச் சொன்னது. பதினாறு இலக்கம் பதினேழு இலக்கமானது. நீளமான எண்ணைக் கண்ணால் படிப்பது கடினம் என்பதால் அதை இடைவெளி விட்டுக் கூறு கூறாகப் பிரித்து அச்சிடத் தினேஷ் ஏற்பாடு செய்தான். அவன் பயன்படுத்திய ஸ்கிரிப்ட் மொழியிலேயே அதற்கு ஒரு வசதி இருந்தது. பதிவேட்டில் எழுத்தாக இருந்த எண்ணை அந்த வசதிக்குக் கொடுப்பதற்காக அவன் கணக்குப் போடக்கூடிய எண்ணாக மாற்ற வேண்டியிருந்தது. அவ்வளவுதான் மாற்றம்.

புதிய அச்சு தொடங்கிய அன்று பூஜை நடந்தது. அந்தத் தொழிற்சாலையில் எதைத் தொடங்கினாலும் முதலில் அச்சிடுவது நூற்றெட்டாம் எண். அன்றும் அப்படியே. லேபிள் அழகாக வந்தது. பதினேழு இலக்கங்கள், சீரான இடைவெளிகள், கடைசியில் 108. அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார்கள். அதற்கு முன்பு தினேஷ் சோதித்துப் பார்த்த எண்கள் நூறு, ஐந்நூறு, ஆயிரம். எல்லாம் சரியாக வந்திருந்தன.

தை மாதத்தில்தான் பிரச்சினை தொடங்கியது. முதல் இயந்திரத்தில் வந்த ஹோஸ்களில் ஒவ்வொரு வேளையிலும் ஒரு துண்டை, லேபிள் ஒட்டும் முன்பே, வெட்டி எடுத்து வைப்பார்கள். அப்படி வைத்திருந்த துண்டுகளைச் சூடேற்றி வளைத்துப் பார்த்தபோது பலவற்றில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. ரப்பர் கலவையில் சேர வேண்டிய ஒன்று குறைந்திருந்தது. இரண்டாம் இயந்திரத்தின் கலவை வேறு. அதன் துண்டுகள் நன்றாக இருந்தன. ஆக, தீபாவளிக்குப் பின் முதல் இயந்திரத்தில் வந்த ஹோஸ்கள் மதுரையைச் சுற்றியுள்ள சமையலறைகளில் மாட்டப்பட்டிருந்தன. அவை அடுப்பின் வெப்பத்தில் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டிருந்தன. வெடித்தால் என்ன கசியும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அன்று அலுவலக அறையில் இருந்தவர்கள் தயங்கவில்லை. அதை நான் மரியாதையோடு நினைவுகூர்கிறேன். மறைக்கலாம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கலவையைத் திருத்தி, விற்றதைத் திரும்பப் பெறுவது என்று முடிவானது. எப்படிச் சொல்வது என்பதுதான் பேச்சு. பதினேழு இலக்க எண்களை வரிசையாக அனுப்பினால் யார் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்? முத்துக்கருப்பன்தான் என்னைப் பார்த்து வழி சொன்னார்.

"ஒத்தப்படையில முடிஞ்சா கழத்திக் குடுங்க, ரெட்டப்படையில முடிஞ்சா கவலப்படாதீங்க. இம்புட்டுத்தேன மேடம்? படிக்காத ஆளுக்கும் வெளங்கும்."

எங்கள் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. எளிமையான விதி, எளியவர்களுக்குப் புரியும் விதி. தீபாவளிக்குப் பிறகு வாங்கிய ஹோஸ்களுக்கு என்று குறிப்பிட்டு, கைப்பேசியிலும் கடைகளிலும் அந்தச் செய்தி போனது.

பிறகு பதில்கள் வந்தன. பரவை மார்க்கெட் பக்கத்துக் கடைக்காரர் தன்னிடம் வாங்கிய வீடுகளையெல்லாம் விசாரித்துவிட்டதாகவும் ஒன்றுகூட ஒற்றைப்படை இல்லை என்றும் சொன்னார். திருமங்கலத்திலும் அதே பதில். நகருக்குள் இருந்த கடைகளிலும் அதே பதில். முத்துக்கருப்பனின் முகம் தெளிந்தது. வேலை செய்யும் பெண்களுக்கெல்லாம் வடையும் டீயும் வரவழைத்தார்.

"மீனாச்சி காப்பாத்திட்டா மாப்ள" என்று தினேஷின் முதுகில் தட்டினார்.

தினேஷிடம் அதற்கு ஒரு விளக்கமும் இருந்தது. முதல் இயந்திரத்தின் சரக்கு அடுப்பு நிறுவனத்தின் கிடங்கிலேயே தங்கியிருக்கும்; முதலில் வெளியே போனது இரண்டாம் இயந்திரத்தின் சரக்காக இருக்கும். நடக்கக்கூடியதுதான். மேற்பார்வையாளர் ஒருவர் இன்னொரு காரணம் சொன்னார். அதுவும் நடக்கக்கூடியதுதான். நல்ல செய்தி வந்துவிட்டால் அதற்குக் காரணம் கண்டுபிடிப்பதில் மனிதர்கள் மிகவும் கெட்டிக்காரர்கள். நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. இரண்டு இயந்திரங்களும் ஒரே வேகத்தில் ஓடியவை. பெட்டியில் இரண்டின் சரக்கையும் கலந்தே அடுக்குவார்கள். பாதி இல்லாவிட்டாலும் பத்தில் ஒன்றாவது வந்திருக்க வேண்டாமா? குறைவாக வந்திருந்தால் நானும் மகிழ்ந்திருப்பேன். ஒன்றுமே வராததுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

என் வீடு திருப்பரங்குன்றத்தில். வீட்டுக்குப் போகும் வழியில் பாண்டியம்மாள் என்பவர் இட்லிக் கடை வைத்திருந்தார். காலையும் மாலையும் அடுப்பு ஓய்வதில்லை. அவருடைய அடுப்பில் எங்கள் ஹோஸ்தான் என்பது ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எண்ணைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"நானே பாத்துட்டேங்க்கா. செய்தி வந்த அன்னைக்கே பாத்துட்டேன். எட்டுல முடியுது. நம்மளது நல்ல சாதிக் குழாயி" என்று சிரித்தார்.

குனிந்து பார்த்தேன். எட்டில்தான் முடிந்தது. அடுத்திருந்த பூக்கடைக்காரர் வீடு பின்னாலேயே இருந்தது. அங்கே ஆறு. எதிரே பஜ்ஜி போடுகிறவரிடம் பூஜ்யம். என் வீட்டுக்கு வந்து என் அடுப்புக்கடியில் பார்த்தேன். நான்கு. எல்லாமே தீபாவளிக்குப் பிறகு வாங்கியவை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் பார்க்கும் எண்களில் மட்டுமல்ல, தீபாவளிக்குப் பிறகு அச்சான எந்த லேபிளிலும் ஒற்றைப்படை எண்ணைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

மறுநாள் காலை தினேஷையும் முத்துக்கருப்பனையும் அச்சு இயந்திரத்தின் அருகே அழைத்துக்கொண்டு போனேன். நூற்றொன்பதாம் எண்ணை அச்சிடச் சொன்னேன். தினேஷ் தட்டினான். திரையில் 109. லேபிள் வெளியே வந்தது. சீரான இடைவெளிகள், பதினேழு இலக்கங்கள், கடைசியில் 108.

தினேஷ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நூற்றுப்பதினொன்றை அச்சிட்டான். 112 வந்தது. நூற்றேழை அச்சிட்டான். மறுபடியும் 108.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தினேஷ் நிரல் எழுதிய மொழி எல்லா எண்களையும் ஒரே அளவுள்ள இடத்தில் வைக்கிறது. எண் ஓரளவு பெரியதாகும்வரை எதுவும் தொலையாது. ஏறக்குறைய ஒன்பதாயிரம் லட்சம் கோடியைத் தாண்டியதும் அந்த இடம் போதாமல் போகிறது. அதற்கு மேல் ஒற்றைப்படை எண்களை அதனால் வைத்துக்கொள்ளவே முடியாது. பக்கத்தில் இருக்கும் இரட்டைப்படை எண்ணை வைத்துக்கொள்கிறது, அதுவும் நான்கால் வகுபடுவதாகப் பார்த்து. எங்கள் பதினாறு இலக்க எண்கள் ஒன்றில் தொடங்கியதால் அந்த எல்லைக்குள் இருந்தன. இன்னொரு இலக்கம் சேர்ந்ததும் எல்லையைக் கடந்துவிட்டன. பிழைச் செய்தி எதுவும் வராது. இலக்கங்கள் குறையாது. தவறான எண் சரியான எண்ணின் முகத்தோடு வந்து நிற்கும்.

முத்துக்கருப்பனுக்கு முதலில் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

"ஒத்தப்படை புடிக்காத கம்ப்யூட்டரா மாப்ள? இது ஒரு கல்யாணத்துக்காவது மொய் எழுதியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

தினேஷ் சிரிக்கவில்லை. மெதுவாக, "அண்ணே, வெளிய ஒத்தப்படையே கெடையாது. நாம அனுப்பின செய்தியப் பாத்த அம்புட்டுப் பேரும் நம்ம ஹோஸ் நல்லதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க" என்றான்.

செய்தியே அனுப்பாமல் இருந்திருந்தால்கூட ஒரு பெண் ஹோஸில் வெடிப்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டு மாற்றியிருக்கக்கூடும். நாங்கள் அந்தச் சந்தேகத்தையும் துடைத்துவிட்டோம். கவலைப்படாதீர்கள் என்று எழுதி அனுப்பியிருந்தோம்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். தினேஷ் தாளை எடுத்துக் கணக்குப் போட்டான். அவன் மூளை வேகமானது. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் நான்கால் வகுபடும் எண்களாகவே மாறி அச்சாகியிருக்கின்றன. ஆகவே இரட்டைப்படையாக இருந்தும் நான்கால் வகுபடாத எண் இருந்தால் அது நிச்சயமாக இரண்டாம் இயந்திரத்துடையது, நிச்சயமாக நல்லது. அவற்றைக் கழற்ற வேண்டியதில்லை. கடைசி இரண்டு இலக்கங்களை நான்கால் வகுத்துப் பார்த்தால் போதும். எல்லாவற்றையும் திரும்பப் பெறுவதில் நான்கில் ஒரு பங்கு மிஞ்சும்.

கணக்கு சரி. நான் இரண்டு முறை சரிபார்த்தேன், பிழையே இல்லை. முத்துக்கருப்பன் அதைப் பற்றிக்கொண்டார். அவர் நிலையை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் திரும்பப் பெறுவதென்றால் நல்ல சரக்கையும் குப்பையில் போட வேண்டும். முதல் செய்தி தவறு என்று ஊருக்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டால் அடுப்பு நிறுவனம் விலகிப்போகும். விலகினால் அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு வேலை இருக்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"நல்ல ஹோஸையும் கழத்தச் சொல்றீங்களா மேடம்? நாலால வகுக்கத் தெரியாத ஆளு யாரு இருக்கா? நாலாப்பு படிச்சாப் போதும்ல" என்றார்.

யாராவது ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாமே என்று மட்டும் சொன்னேன். அவர் கைப்பேசியை எடுத்துத் தன் மனைவியை அழைத்தார். எல்லோரும் கேட்கும்படி வைத்தார். "வீட்டு ஹோஸுல கடைசி ரெண்டு நம்பர் நாலால வகுபடுதா பாரு" என்றார்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம்.

"அடுப்புல பாலு கெடக்கு. பிள்ள பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கு. இந்நேரத்துல நாலால வகுக்கச் சொல்றீங்களே, பரீச்சையா வக்கிறீங்க? ரெட்டப்படைன்னா நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க? இது ரெட்டப்படை. போன வைங்க."

"நம்பர மட்டும் சொல்லு தாயி."

"பதினாறு."

அவர் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுத் தினேஷைப் பார்த்தார். "பதினாறுன்னா எந்த மிசினு?"

"சொல்ல முடியாதுண்ணே. நெசமாவே பதினாறா இருக்கலாம். பதினஞ்சா இருக்கலாம். பதினேழாவும் இருக்கலாம்."

"எம் மிசினு பெத்தத என்னாலயே சொல்ல முடியாதா?"

முத்துக்கருப்பன் எழுந்து வெளியே போய், ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களுக்கு நடுவே நின்றார். திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"அப்ப கழத்துங்க. அம்புட்டையும்."

இரண்டாவது செய்தியை எழுதும்போது எண் என்ற சொல்லையே நாங்கள் பயன்படுத்தவில்லை. முன்பு அனுப்பிய செய்தி தவறு, தீபாவளிக்குப் பிறகு வாங்கிய எங்கள் ஹோஸ் எதுவாக இருந்தாலும் உடனே கழற்றுங்கள், நாங்களே வந்து புதியதை மாட்டித் தருகிறோம். அவ்வளவுதான். செய்தியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதும் தெளிவாகத் தெரிந்தது. ஒருமுறை பொய்யான எங்கள் சொல்லை இரண்டாம் முறை எதற்காகப் படிப்பார்கள்? வேறு தொழிற்சாலையில் வாங்கிய ஹோஸ்களை எடுத்துக்கொண்டு தொழிலாளர்களும் நாங்களுமாகக் கடைக்காரர்களோடு வீடு வீடாகப் போனோம்.

பாண்டியம்மாளின் கடைக்கு நானே போனேன். ஆட்கள் தட்டோடு காத்திருந்த நேரம்.

"நேத்து நல்லதுன்னீங்க, இன்னைக்குக் கெட்டதுங்கறீங்க. நாளைக்கு அடுப்பே வேணாம்பீங்க போல" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், "அக்கா, இட்லியவாவது நம்பலாமா?" என்று கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

தப்பு எங்களுடையதுதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே அடுப்பை அணைத்து, சிலிண்டரின் வாயை மூடினார். ஹோஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து வளைத்தேன். அடுப்போடு பொருந்தும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நகக் கீறலைப் போல வரிசையாக வெடிப்புகள். வளைக்க வளைக்க அவை வாய் திறந்தன. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு இரண்டடி பின்னால் போனார்கள்.

பாண்டியம்மாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். எட்டில் முடியும் எண்ணை விரலால் தடவினார்.

"எண்ணப் பாக்கச் சொன்னீங்க, பாத்தேன். குழாயப் பாக்கச் சொல்லலையேக்கா" என்றார். அதில் கோபம் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் என்னால் அதைச் சாதாரணமாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எந்த வீட்டிலும் தீப்பிடிக்கவில்லை. அதை எங்கள் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெடிப்புகள் முழுதாகத் திறக்கும் முன் நாங்கள் போய்ச் சேர்ந்தோம், அவ்வளவுதான். எல்லா வீடுகளுக்கும் போனோமா என்று கேட்டால், போனோம் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. குடிமாறிப் போனவர்கள் இருந்தார்கள். பூட்டிய கதவுகள் இருந்தன. திரும்பத் திரும்பப் போனோம். சில கதவுகள் திறக்கவே இல்லை.

அடுப்பு நிறுவனம் விலகியது. முதல் இயந்திரம் நெடுநாள் ஓடவில்லை. பெண்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வேலைக்கு வந்தார்கள். அவர்களில் சிலர் வேறு இடம் தேடிப் போனார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. ஓராண்டு கழித்து வேறொரு நிறுவனம் வந்தது. எங்களைப் பற்றி விசாரித்தபோது, கடைக்காரர் ஒருவர் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். தப்பை வீட்டு வாசலில் வந்து ஒப்புக்கொண்டவர்கள் என்று சொன்னாராம். அதற்காகத்தான் வந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. அப்படி இருந்தால் நல்லது என்று முத்துக்கருப்பன் நினைக்கிறார். நான் மறுத்துச் சொன்னதில்லை.

கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத எண்ணை எழுத்தாகவே வைத்திருங்கள் என்பதை உங்களுக்கு எந்தப் பாடநூலும் சொல்லும். தினேஷ் அன்று மாலையே அப்படி மாற்றிவிட்டான், சில வரிகள்தான். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஒரு விதியை ஊருக்கு அனுப்பும் முன், அந்த விதி பிடிக்க வேண்டிய பொருள் ஒன்றையாவது கையில் எடுத்து, உண்மையிலேயே பிடிக்கிறதா என்று பாருங்கள். எங்களிடம் வெடித்த துண்டுகள் இருந்தன. அவற்றில் லேபிள் இல்லை. லேபிள் ஒட்டிய, முதல் இயந்திரத்து ஹோஸ் ஒன்றைக் கிடங்கிலிருந்து எடுத்து யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த எல்லா இடங்களிலும், குறையுள்ள பொருளைத் தேடும் செய்தி எதுவும், குறையுள்ள ஒரு பொருளில் சோதித்துப் பார்க்கப்படாமல் வெளியே போனதில்லை. முத்துக்கருப்பனின் தொழிற்சாலையில் புதிதாக எதைத் தொடங்கினாலும் இப்போதும் தேங்காய் உடைக்கிறார்கள், சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். முதலில் அச்சிடும் எண் மட்டும் நூற்றொன்பது.